மாயாபஜார்: சாவித்திரிக்குள் கடோத்கஜன் வந்தது எப்படி?

வடபழனிக்காரன்:

ஆவி, பூதம், மாயம் கலந்த காதல் நகைச்சுவைப் படம் என்று பேச்செடுத்தாலே இப்போது எல்லாரும் கிராபிக்ஸுக்கு எவ்வளவு செலவு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நம்ம வடபழனியில், வாஹினி ஸ்டுடியோவில் உருவான ஒரு படத்தை வைத்து நான் வேறொன்று சொல்கிறேன். மாயாபஜார், 1957. கே.வி. ரெட்டி இயக்கம், நாகிரெட்டி - சக்ரபாணியின் விஜயா தயாரிப்பு, மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு. புராணப் படம் என்று பெயர் வைத்து ஓரமாக எடுத்து வைத்துவிட்டோம், ஆனால் கதையைப் பாருங்கள். பலராமன் மகள் வத்சலாவும் அபிமன்யுவும் சின்ன வயதிலேயே ஒருத்தருக்கு ஒருத்தர் என்று பேசி வைத்த ஜோடி. பாண்டவர்கள் சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தோற்றதும் பெண் வீட்டார் மனசு மாறிவிடுகிறது, துரியோதனன் மகன் லட்சுமணகுமாரனுக்குக் கட்டிவைக்க ஏற்பாடு நடக்கிறது. கடோத்கஜன் வந்து, தூங்குகிற வத்சலாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்ப் பத்திரமாகச் சேர்த்துவிட்டு, தானே வத்சலா உருவத்தில் கல்யாணப் பெண்ணாகப் போய் உட்கார்ந்துவிடுகிறான். அமானுஷ்யம், காதல், சிரிப்பு மூன்றும் இந்த ஒரே முடிச்சில் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடோத்கஜன் எஸ்.வி. ரங்காராவ். வத்சலா சாவித்திரி. அப்படியானால் வத்சலா வேஷத்தில் இருக்கும் கடோத்கஜனும் சாவித்திரிதான், அதாவது ரங்காராவை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே மணப்பெண்ணாக நிற்க வேண்டும். கவனித்துப் பாருங்கள். சுற்றி ஆள் இருக்கும்போது தலை குனிந்திருக்கிறது, கை உடம்போடு ஒட்டியிருக்கிறது. ஆள் நகர்ந்ததும் தோள் விரிகிறது, முழங்கை விலகுகிறது, கால் தரையை அழுத்தி ஊன்றுகிறது, ரங்காராவின் அந்தக் கர்வமான நிமிர்வு அப்படியே வந்து உட்காருகிறது. யாராவது திரும்பினால் அடுத்த கணமே எல்லாம் ஒடுங்கிக் கண் தரைக்குப் போய்விடுகிறது. மணவறையில் மாப்பிள்ளை காலை மிதிக்கிற இடத்தில் முகம் புதுப்பெண், கால் ராட்சசன். தமிழில் அந்த மாப்பிள்ளை தங்கவேலு, அவர் வலியில் துடிப்பதும் சேர்ந்துதான் அந்தக் காட்சி.

இந்தப் படத்தில் தந்திரக் காட்சிகள் நிறைய, லட்டு பறக்கிறது, ஆள் வளர்கிறான், மாளிகை முளைக்கிறது. எனக்கு அதில் எல்லாம் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்தப் படத்தின் மிகப் பெரிய தந்திரம் சாவித்திரியின் நடை. இந்த வகைப் படத்தில் மாயத்தை நம்பவைப்பது நடிகரின் உடம்பு, மற்றதெல்லாம் அதற்குத் துணை. உங்கள் கருத்து?

பெரம்பூர் பால்கனி:

சாவித்திரி பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்து மாற்ற மாட்டேன். ஆனால் மற்றதெல்லாம் துணை என்று ஒதுக்குவதை ஏற்க முடியாது. "கல்யாண சமையல் சாதம்" பாட்டில் பலகாரம் தானாக நகர்ந்து வாய்க்குள் போகாவிட்டால் அந்தப் பாட்டே இல்லை. திருச்சி லோகநாதன் குரலும் ரங்காராவ் சிரிப்பும் இருந்தாலும், நம் வீட்டுக் குழந்தைகள் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த லட்டைத்தானே? அப்புறம் "ஆஹா இன்ப நிலாவினிலே" பாட்டில் அந்த நிலா வெளிச்சம். பார்ட்லி உருவாக்கிய அந்த வெளிச்சத்தை எடுத்துவிட்டால் படகில் இரண்டு பேர் உட்கார்ந்து போகிறார்கள், அவ்வளவுதான். காதலையே அங்கே நுட்பம்தான் செய்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். நடிகர் உடம்புதான் எல்லாம் என்றால் "நான் ஈ" படம் எப்படி ஓடியது? காதலன் செத்து ஈயாகப் பிறக்கிறான், படத்தின் பெரும்பகுதியில் நாயகனுக்கு மனித உடம்பே கிடையாது. அந்த ஈயைப் பார்த்து தியேட்டரில் விசில் அடித்தோமே.

தி.நகர் வாசகி:

பிரியதரிசினிப் பெட்டியை மறந்துவிடாதீர்கள்! திறந்து பார்ப்பவருக்கு மனசுக்கு மிகவும் பிடித்தது எதுவோ அது தெரியும். வத்சலா திறந்தால் அபிமன்யு, அவள் அம்மா ரேவதி திறந்தால் நகைகள். ஒரு பெட்டியை வைத்தே ஆளுக்கு ஆள் குணத்தைச் சொல்லிவிடுகிறார்கள், காதலர்கள் தூரத்தில் இருந்து பேசிக்கொள்ளவும் அதுவே வழி. மாயப் பொருள் கதைக்குள் இப்படி வேலை செய்ய வேண்டும். ஓ மை கடவுளே (2020) படத்தில் கடவுளாக வரும் விஜய் சேதுபதி நாயகனுக்கு ஒரு டிக்கெட் கொடுப்பாரே, வாழ்க்கையை இன்னொரு தடவை வாழ்ந்து பார் என்று, அது எனக்குப் பிடித்ததும் அதனால்தான். சின்னப் பொருள், தெளிவான விதி.

பழைய மிட்செல்:

கேமரா உதவியாளராக ஃபிலிம் காலத்தில் கோடம்பாக்கத்தில் வேலை பார்த்தவன் நான். மாயாபஜார் எங்கள் தலைமுறைக்கு முந்தியது, ஆனால் அதில் வேலை செய்தவர்களிடம் கற்றவர்களிடம் நாங்கள் கற்றோம். இரண்டு பேர் சொல்வதும் பொருந்துகிறது, ஏன் என்று சொல்கிறேன்.

ஒரே ஆள் இரண்டு வேஷத்தில் ஒரே ஃப்ரேமில் நிற்பதை நாங்கள் மாஸ்க் ஷாட் என்போம். இன்றைக்குச் சாதாரணம். அன்றைக்கு எப்படி என்றால், கேமராவை முதலில் ஆணி அடித்த மாதிரி நிறுத்த வேண்டும், கால்களில் மணல் மூட்டை, ட்ராலி கிட்டேயே வரக்கூடாது. லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற சட்டம், மேட் பாக்ஸ் என்போம், அதில் கறுப்பு அட்டை வைத்துப் பாதி ஃப்ரேமை மறைப்போம். மறைத்த பாதியில் ஃபிலிமில் எதுவும் பதியாது. நடிகர் இந்தப் பக்கம் நடித்து முடித்ததும், லென்ஸை மூடிவிட்டு, கவுன்ட்டரைப் பார்த்துக்கொண்டே ஃபிலிமை ஆரம்பித்த ஃப்ரேம் வரைக்கும் பின்னால் சுற்ற வேண்டும். அப்புறம் அட்டையை மறுபக்கம் மாற்றி, நடிகர் உடை மாற்றி, மேக்கப் மாற்றி வந்து, அந்தப் பாதியில் நடிப்பார். அடிக்கு 16 ஃப்ரேம், ஒன்று பிசகினாலும் இரண்டு பாதிக்கும் நேரம் ஒட்டாது.

இதில் கஷ்டம் எங்கே என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இரண்டு டேக்குக்கும் நடுவில் நிறைய நேரம் போய்விடும், அதற்குள் வோல்டேஜ் இறங்கினால் ஒரு பாதி மங்கலாகிவிடும். ஃபேன் ஓடினால் திரைச்சீலை நடுவில் பாதியாக வெட்டுப்பட்டு ஆடும். அதனால் ஃபேனை நிறுத்திவிட்டு, சென்னை வெயிலில், அத்தனை விளக்குக்கும் கீழே நிற்போம். கோட்டைத் தாண்டி ஒரு விரல் போனால் விரல் காணாமல் போகும், நிழல் விழுந்தாலும் அப்படித்தான். தரையில் சாக்பீஸால் எல்லைக்கோடு போட்டுவைத்து நடிகரிடம் சொல்லிவிடுவோம். அட்டையின் விளிம்பு தெரியாமல் இருக்கத் தூண், கதவு நிலை இந்த மாதிரி ஒரு செங்குத்துக் கோட்டின் மேல் அதைக் கொண்டுபோய் வைப்போம். பழைய படத்தில் இரட்டையர்களுக்கு நடுவில் எப்போதும் ஒரு தூண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பக்கம் ஆளே இல்லாதபோது நடிகர் எங்கே பார்ப்பார்? ஒரு உதவி இயக்குநர் முஷ்டியைத் தூக்கிப் பிடித்து லுக் கொடுப்பார். அந்த முஷ்டியைப் பார்த்து நடிகர் கோபப்படணும், காதலிக்கணும், பயப்படணும். எதிரில் இருப்பவர் வசனத்துக்கு எத்தனை நொடி இடைவெளி விடணும் என்பதையும் அவர்தான் மனசுக்குள் ஓட்டணும். எங்கள் வேலை முழுக்க அந்த நடிப்புக்கு இடம் கட்டிக் கொடுப்பது. கே.வி. ரெட்டி ஒத்திகையின்போதே ஸ்டாப்வாட்ச் வைத்து ஒவ்வொரு காட்சிக்கும் எவ்வளவு நேரம் என்று கணக்கெடுத்துவிடுவார் என்று இன்றும் சொல்வார்கள். தந்திரக் காட்சி எடுத்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இன்னொன்று. மாயாபஜார் தமிழ், தெலுங்கு இரண்டிலும் எடுத்த படம். சாவித்திரியும் ரங்காராவும் என்.டி. ராமாராவும் இரண்டிலும் உண்டு. அபிமன்யு தமிழில் ஜெமினி கணேசன், தெலுங்கில் நாகேஸ்வர ராவ். லட்சுமணகுமாரன் அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. ஆகவே சாவித்திரி அந்த ராட்சச நடையை இரண்டு மொழிக்கும், இரண்டு வேறு வேறு மாப்பிள்ளைகளோடு நடித்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவரின் நகைச்சுவைக்குத் தகுந்த மாதிரி அவரும் நேரத்தை மாற்றிக்கொள்வதைப் பார்க்கலாம்.

ரோட்டோ ராத்திரி:

நான் இங்கே சென்னையில் விஎஃப்எக்ஸ் வேலையில் இருக்கிறேன், ரோட்டோ (ஃப்ரேமில் ஆளை மட்டும் வெட்டிப் பிரிப்பது), பெயின்ட் (வேண்டாததை வரைந்து மறைப்பது), இதுதான் என் பிழைப்பு. மிட்செல் ஐயா எழுதியதைப் படித்து எங்கள் டீம் முழுக்க அனுப்பிவிட்டேன்.

பால்கனி அண்ணே கேட்ட நான் ஈ (2012) பற்றி. அந்தப் படம் உண்மையில் வடபழனிக்காரர் பக்கம்தான் சாட்சி சொல்லும். ராஜமௌலியின் அப்பா விஜயேந்திர பிரசாத் விளையாட்டாகச் சொன்ன ஒரு யோசனை, ஒரு ஈ மனுஷனைப் பழிவாங்கினால் எப்படி இருக்கும் என்று. அதைப் படமாக்கப் போனபோது முதல் சிக்கலே ஈயின் முகம். தலையில் பெரும்பகுதி கண்தான், அந்தக் கண்ணுக்கு இமை கிடையாது, புருவம் கிடையாது, உதடும் இல்லை. முகபாவம் காட்ட வழியே இல்லாத ஒரு நாயகன். நிஜ ஈயைக் குளிரில் வைத்து மயங்கிய நிலையில் நெருக்கமாகப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அதை அப்படியே திரையில் பெரிதாக்கினால் பார்க்கச் சகிக்காது. அதனால் வடிவத்தை மாற்றி, உணர்ச்சி முழுவதையும் உடம்புக்கு மாற்றினார்கள். கையை உதறுவது, தலையைச் சாய்ப்பது, நெஞ்சை நிமிர்த்துவது, நின்று ஒரு நொடி யோசிப்பது. சொல்லப்போனால் சாவித்திரி செய்ததை ஓர் அனிமேட்டர் செய்தார். ஈ நடக்கிற தோரணையிலேயே இவன் அந்தப் பையன்தான் என்று தெரிந்துவிடுகிறது.

மறுபக்கம் வில்லனாக நடித்த சுதீப். அவர் எதிரில் ஒன்றுமே இல்லை. இல்லாத ஈயை விரட்டி, கண்ணால் துரத்தி, காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தத்துக்குத் திடுக்கிட்டு, அத்தனையும் காற்றோடு. அவர் பார்வை ஓர் அங்குலம் தப்பியிருந்தால் நாங்கள் என்ன வரைந்தாலும் ஒட்டியிருக்காது. சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது, மகுடா நிறுவனத்தின் உழைப்பு அது. அந்த விருதில் சுதீப்பின் கண்ணுக்கும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். தமிழ்ப் பதிப்புக்கு கிரேஸி மோகன் வசனம் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

நான் தினமும் பார்க்கிற வேதனை ஒன்று இருக்கிறது. ஷூட்டிங்கில் யாரும் லுக் கொடுக்க மாட்டார்கள். "ஆவியை சிஜியில், அதாவது கம்ப்யூட்டர் கிராபிக்ஸில், போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடிகரை வெறுமனே அந்தப் பக்கம் பார்க்கச் சொல்வார்கள். அவர் ஒரு ஷாட்டில் ஆறடி உயரத்தைப் பார்ப்பார், அடுத்த ஷாட்டில் நாலடி. ஆவியை எங்கே நிறுத்துவது? ஆள் இல்லாத வெறும் ஃப்ரேமை ஒரு பத்து நொடி எடுத்துக் கொடுங்கள் என்று கெஞ்சுவோம், க்ளீன் பிளேட் என்போம் அதை. லொகேஷன் நேரம் முடிந்துவிட்டது என்று அதுவும் வராது. அப்புறம் அந்த ஆளுக்குப் பின்னால் இருக்கும் சுவரை நாங்கள் ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

தாம்பரம் லோக்கல்:

தெலுங்கு மாயாபஜாரை 2010-இல் வண்ணத்தில் மாற்றி வெளியிட்டார்களே, அதில் பார்ட்லியின் நிலவு எடுபடவில்லை என்று எனக்குத் தோன்றியது. கறுப்பு வெள்ளையில் பார்க்காதவர்கள் தயவுசெய்து அதைப் பாருங்கள்.

வடபழனிக்காரன்:

தாம்பரம் சொன்னதை வழிமொழிகிறேன்.

பால்கனி, லட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை, நீங்கள் சொன்ன நிலவும் எனக்கு உயிர். ஆனால் ராத்திரி சொன்னதுதான் எனக்கும் பதில். இதே வரிசையில் இன்னொரு படத்தை வைக்கிறேன், கல்யாணராமன், 1979. பஞ்சு அருணாசலம் எழுத்து, ஜி.என். ரங்கராஜன் இயக்கிய முதல் படம், இளையராஜா இசை. எஸ்டேட்டில் வளர்ந்த வெகுளி கல்யாணம், துருத்திய பல்லோடு, சூதுவாது தெரியாமல், ஸ்ரீதேவியைப் பார்த்துக் "காதல் வந்திருச்சு" என்று குதிக்கிறவன். சொத்துக்காக அவனைக் கொன்றுவிடுகிறார்கள். ஆவியாக வந்து இரட்டைச் சகோதரன் ராமனைத் தேடிப் பிடிக்கிறான். இரண்டும் கமல்.

இரண்டு கமல் ஒரே ஃப்ரேமில் வருவது மிட்செல் ஐயா சொன்ன வேலை. அதைவிட எனக்குப் பிடித்தது கல்யாணம் ராமனுக்குள் புகுந்துகொள்ளும் இடங்கள். அங்கே மாஸ்க் இல்லை, அந்தப் பல் இல்லை, ராமனின் ஸ்டைலான உடையும் முடியும் அப்படியே இருக்கிறது. ஆனால் தோள் குறுகிவிடுகிறது, குரல் குழைகிறது, கண்ணில் அந்த வெகுளித்தனம் வந்துவிடுகிறது. 22 வருஷம் கழித்து, அதே கோடம்பாக்கம் வட்டாரத்தில், சாவித்திரி செய்த காரியத்தை வேறு விதமாகச் செய்திருக்கிறார். ராட்சசன் பெண்ணுக்குள் வந்தது சிரிப்பு என்றால், செத்துப்போன காதலன் உயிரோடிருக்கும் சகோதரனுக்குள் வருவதில் சிரிப்போடு துக்கமும் இருக்கிறது. அவன் காதல் நிறைவேறவில்லை என்பது நமக்கு மறப்பதே இல்லை, அந்தப் படம் மனசில் தங்குவது அதனால்தான். 1985-இல் ஜப்பானில் கல்யாணராமன் என்று அந்த ஆவியை மறுபடி அழைத்து வந்தார்கள், எஸ்.பி. முத்துராமன் இயக்கம், ஜப்பான் பொருட்காட்சியில் எல்லாம் எடுத்தார்கள். பார்க்க ஜாலியாக இருக்கும், முதல் படத்தின் வலி அதில் இல்லை.

மாயாபஜாரில் கே.வி. ரெட்டியிடம் உதவியாளராக இருந்தவர் சிங்கீதம் சீனிவாசராவ். அவரும் கமலும் சேர்ந்து 1989-இல் அபூர்வ சகோதரர்கள் எடுத்தார்கள். வாஹினியில் கற்ற திட்டமிடல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது ஷாப்பிங் மால் நிற்கிறது. அங்கே ஒரு கல்வெட்டாவது வைத்து, இங்கேதான் மாயாபஜார் எடுத்தார்கள் என்று பெரிதாக எழுத வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

ஒலித்தடம்:

சவுண்ட் எடிட்டிங்கில் இருந்து ஒரு குரல். எல்லாரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள், காதை விட்டுவிட்டீர்கள்.

தெலுங்கு மாயாபஜாரில் போலி சசிரேகா பாடும் கல்யாணப் பாட்டைக் கேளுங்கள். வத்சலாவுக்கு அங்கே பெயர் சசிரேகா. சுசீலா அம்மா பாடிக்கொண்டே போகிற பாட்டில் நடுவில் கண்டசாலாவின் ஆண் குரல் புகுந்து வெளியேறும். திரையில் சாவித்திரி ஒருத்தர்தான். உள்ளே இருப்பவன் மறந்துபோய் வெளியே வந்துவிட்டான் என்பதை வேறு எப்படிச் சொல்வீர்கள்? 1957-இல் ஒரு மெல்லிய ஒலி மாற்றத்தில் அதைச் செய்துவிட்டார்கள்.

ஆவிப் படங்களில் எங்கள் வேலை பெரும்பாலும் எதைச் சேர்க்காமல் விடுவது என்பதில்தான் இருக்கிறது. நம் படங்களில் காலடிச் சத்தம், துணி சரசரப்பு, கதவுச் சத்தம் எல்லாமே பின்னால் ஃபோலியில், அதாவது படத்தைப் பார்த்துக்கொண்டே தனியாகச் சத்தம் எழுப்பிப் பதிவு செய்து, சேர்ப்பது. நாயகனுக்கும் ஆவிக்கும் ஒரு வராந்தாவில் நடந்துகொண்டே காதல் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயகன் காலடியை மட்டும் போட்டு அவள் காலடியை விட்டுவிட்டால் போதும், பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாமலே உடம்பு சிலிர்க்கும். எக்கோ, பெருமூச்சு, ஊளை எதுவும் வேண்டியதில்லை. குரலையும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல் சுத்தமாக வைக்க வேண்டும், ஏனென்றால் காதலிக்கிறவனுக்கு அவள் குரல் தூரத்தில் கேட்காது. இதை ஒரு படத்தில் போராடிச் செய்தோம், மிக்ஸிங்கில் பெரியவர் ஒருத்தர் வந்து குரலுக்கு எக்கோவை ஏற்றிவிட்டார். தியேட்டரில் அந்தக் காதல் காட்சி பேய்க் காட்சியாகிவிட்டது.

குறும்படக்காரி:

இந்த இழையைத் தினமும் படித்துக்கொண்டிருக்கிறேன், எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஆறேழு பேர், வேலை பார்த்துக்கொண்டே ஒரு குறும்படம் எடுக்கப் போகிறோம். கதை இது. மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு, வாடகைக்கு வருகிற பையனுக்கு அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் ஒரு பெண் தெரிகிறாள். அவள் 1970-களில் இறந்தவள். அவனுக்கு மட்டும்தான் தெரிவாள். வீட்டு ஓனர் மாமி அடிக்கடி மாடிக்கு வந்துவிடுவார், அங்கேதான் நகைச்சுவை. காசு மிகவும் குறைவு, சிஜிக்குச் சுத்தமாக இல்லை. அவள் ஆவி என்பதை எப்படிக் காட்டுவது? வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம். டிரை ஐஸ் புகை போடலாமா? மிட்செல் ஐயா, ராத்திரி அண்ணா, வழி சொல்லுங்கள்.

பெரம்பூர் பால்கனி:

தங்கச்சி, முதலில் விதியை எழுதிச் சுவரில் ஒட்டிவிடு. யாருக்குத் தெரிவாள், பொருளைத் தொடுவாளா, அவன் கையைப் பிடிக்க முடியுமா, வீட்டை விட்டு வெளியே வருவாளா. பேய்ப் படங்கள் பாதியில் படுத்துக்கொள்வது இங்கேதான், முதல் பாதியில் சுவருக்குள் நுழைந்து போகிறவள் இரண்டாம் பாதியில் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பாள். காதல் கதைக்கு இந்த விதி இன்னும் முக்கியம், ஏனென்றால் தொட முடியாது என்பதுதான் அவர்களுடைய வில்லன்.

அப்புறம் பிளைத் ஸ்பிரிட் என்று 1945-இல் டேவிட் லீன் எடுத்த ஆங்கிலப் படம், நோயல் கவர்டின் நாடகம். இரண்டாம் தாரத்தோடு வாழ்கிற ஒரு எழுத்தாளனிடம் முதல் மனைவியின் ஆவி வந்து சேர்கிறது, அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆவியாக நடித்த கே ஹாம்மண்டுக்கு மெல்லிய பச்சை மேக்கப், பச்சை உடை, உதடும் நகமும் மட்டும் சிவப்பு. அவர் நகர நகர ஒரு தனி விளக்கு அவர் மேலேயே விழுந்துகொண்டிருக்கும். உடம்பு வழியாகப் பின்சுவர் தெரிகிற மாதிரி எல்லாம் செய்யவில்லை, எல்லாரும் ஒரே செட்டில் ஒன்றாக நின்று நடித்தார்கள். அந்தப் படத்துக்கு எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் கிடைத்தது. இந்த விஷயத்தில் நான் வடபழனிக்காரரோடு கைகோக்கிறேன், நடிகர்கள் ஒன்றாக நின்றதால்தான் அந்தச் சண்டையில் அவ்வளவு வேகம்.

பழைய மிட்செல்:

அம்மா, புகையைப் பற்றி முதலில் எச்சரிக்கை. டிரை ஐஸ் என்பது கரியமில வாயு உறைந்தது, மைனஸ் 78 டிகிரி, வெறுங்கையால் தொட்டால் தோல் போய்விடும். வெந்நீரில் போட்டால் புகை தரையோடு தவழும், அழகாக இருக்கும். ஆனால் அந்த வாயு காற்றைவிடக் கனம், தாழ்வாகத் தேங்கும். மயிலாப்பூர் வீட்டின் சின்ன அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தரையில் ஒரு பெண்ணைப் படுக்கவைத்து அதைச் செய்யவே கூடாது. மூச்சுத் திணறி மயக்கம் வரும். உங்கள் கதைக்குப் புகை தேவையும் இல்லை.

நான் எடுத்தால் இப்படி எடுப்பேன். ஒவ்வொரு ஷாட்டையும் இரண்டு முறை எடுங்கள், கேமராவை அசைக்காமல். ஒரு முறை அவளோடு, அது அவன் பார்வை. ஒரு முறை அவள் இல்லாமல், அது மாமியின் பார்வை. அவள் இல்லாத ஷாட்டிலும் பையன் அதே இடத்தைப் பார்த்துப் பேச வேண்டும். எடிட்டிங்கில் இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டினால் சிரிப்பு தானாக வரும். அவன் பாதி காபியை எதிரில் நகர்த்துகிறான், வெட்டினால் எதிரில் காலி நாற்காலி, மாமி கதவருகில் நிற்கிறார். லுக் கொடுக்க அந்தப் பெண்ணையே கேமராவுக்கு வெளியில் அதே உயரத்தில் நிற்கவையுங்கள், முஷ்டியைவிட முகம் நல்லது.

அவள் நிஜமாகவே ஊடுருவித் தெரியணும் என்று ஒரே ஒரு ஷாட்டுக்கு ஆசைப்பட்டால், கண்ணாடியால் செய்யலாம். 1862-இல் லண்டனில் பெப்பர் என்பவர் மேடையில் காட்டிப் பிரபலமாக்கிய வித்தை. கேமராவுக்கு முன்னால் ஒரு பெரிய சாதாரணக் கண்ணாடியை, முகம் பார்க்கிறது இல்லை, ஜன்னலுக்குப் போடுகிற மாதிரி ஊடுருவித் தெரிகிறதை, 45 டிகிரியில் நிறுத்துங்கள். பையன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரே உட்கார்ந்திருப்பான். பெண் பக்கவாட்டில், ஃப்ரேமுக்கு வெளியே, சுற்றிலும் கறுப்புத் துணி கட்டிய இடத்தில் நிற்பாள். அவள் மேல் விளக்கை ஏற்ற ஏற்ற அவன் பக்கத்தில் அவள் உருவம் தெரிய ஆரம்பிக்கும், இறக்க இறக்க மறைந்துவிடும். டிம்மர் ஒன்று போதும். ஃபோகஸ் கண்ணாடிக்கு வைக்காதீர்கள், கேமராவிலிருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியிலிருந்து அவளுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டி அதற்கு வையுங்கள். லென்ஸில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கிற ஃபில்டர்) இருந்தால் கழற்றிவிடுங்கள், அது பிம்பத்தையே தின்றுவிடும். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்க்க முடியாது, அதனால் ஒத்திகை நிறைய வேண்டும்.

ரோட்டோ ராத்திரி:

ஐயா சொன்ன அந்த இரண்டு முறை எடுப்பதில் உங்களுக்குத் தேவையான க்ளீன் பிளேட்டும் தானாகவே கிடைத்துவிடும். பின்னால் எங்காவது அவளை மெதுவாக மறையவைக்க வேண்டுமானால் ஃபோனிலேயே செய்துகொள்ளலாம். ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் லாக் செய்துவிடுங்கள், ஆட்டோவில் விட்டால் இரண்டு ஷாட்டுக்கும் சுவர் நிறம் மாறும்.

ஒலித்தடம்:

ஷூட்டிங் முடிந்ததும் அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிஷம் பதிவு பண்ணிக்கொள்ளுங்கள். காலடியை எடுக்கும்போது அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

குறும்படக்காரி:

நன்றி, நன்றி. கண்ணாடி வித்தையை வீட்டிலேயே சின்னதாகச் செய்து பார்த்துவிட்டேன், சின்ன கண்ணாடித் தகடும் டார்ச்சும் வைத்து. தெரிகிறது! ஆனால் ஒரு சந்தேகம். கண்ணாடியில் பிரதிபலிப்பதால் இடம் வலம் மாறிவிடுகிறது. அவள் முந்தானை வலது தோளில் போட்ட மாதிரி தெரிகிறது.

பழைய மிட்செல்:

அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் புடவையை மாற்றிக் கட்டச் சொல்லுங்கள், முந்தானை வலது தோளில். நிஜத்தில் தப்பாக இருந்தால்தான் கண்ணாடியில் சரியாக வரும். வகிடு நடுவில் எடுத்தால் பிரச்சினை இல்லை. ஒரு பக்க மூக்குத்தி போட்டிருந்தால் அதையும் மறுபக்கம் மாற்றணும், ஒட்டிக்கொள்கிற மூக்குத்தி தி.நகரில் கிடைக்கும். கடிகாரம், மோதிரம், கையில் ஏதாவது புத்தகம் இருந்தால் அதன் அட்டை எழுத்து, எல்லாவற்றையும் முந்தின நாளே ஃபோனில் படம் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். கண்ணாடியின் நாலு ஓரத்திலும் கறுப்பு டேப் ஒட்டுங்கள், கை கிழியாது, விளிம்பும் மின்னாது. இரண்டு பேர் பிடித்துக்கொண்டே இருக்கணும், ஸ்டாண்டை நம்ப வேண்டாம்.